பழைய காரில் சொகுசும் பிடிப்பும்
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் பார்க்கிங்கில் பதினைந்து வயதைத் தாண்டிய சொகுசு கார்கள் சில நிற்கின்றன. அதில் ஒன்று என்னுடையது. வளைவில் சாயாமல் ஓட வேண்டும் என்ற ஆசையில் 16 அங்குல சக்கரத்தைக் கழற்றிவிட்டு 18 அங்குலம் போட்டேன். தாழ்வான ஸ்பிரிங்கும் போட்டேன். முதுகுவலியுள்ள அம்மா, "இனிமே ஆட்டோவிலேயே போயிக்கிறேன்ப்பா" என்றார்.

அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். 225/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 124 மில்லிமீட்டர். 245/40 ஆர்18 டயருக்கு 98தான். வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பள்ளத்தின் அடியைத் தாங்கும் உயரம் ஓர் அங்குலம் குறைந்துவிடுகிறது. தாழ்ந்த ஸ்பிரிங்கோ நம் வாசல் வேகத்தடையிலேயே இடிக்கும்.

பழைய கார் தள்ளாடுவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த புஷ்களும் ஓய்ந்துபோன ஷாக் அப்சார்பர்களுமே காரணம். முதலில் அவற்றை மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரை ஜோடியாகவே மாற்றுங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள். வண்டி ஓடிச் சூடாகும் முன், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே காற்று அடியுங்கள். அதற்குப் பிறகும் சாய்வு அதிகம் என்றால், சற்றே தடித்த ஆன்டி ரோல் பார் போதும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கொஞ்சம் குலுக்கும். இரண்டும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் தொந்தரவு இல்லை.

நான் பழைய சக்கரத்துக்கும் பழைய ஸ்பிரிங்குக்கும் திரும்பினேன், புஷ்களை மாற்றினேன். போன மாதம் மகாபலிபுரம் வரை அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார். எனக்கும் வளைவுகளில் குறை தெரியவில்லை.