மாஸ்கோவில் ஒரு நெய்தல் வாத்தியார்

தூத்துக்குடிக் கடற்கரைக்கும் மாஸ்கோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அலெக்சாந்தர் துபியான்ஸ்கி என்று ஒரு பேராசிரியர் அங்கே இருந்தார். 1941-இல் பிறந்த ரஷ்யர். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். நன்றாகத் தமிழ் பேசுவார்.

அவர் தோய்ந்து படித்தது சங்க அகப்பாடல்களை. அதில் நெய்தல் திணை நம்முடைய கரைதான்: உப்பளம், தாழை, புன்னை, மீன் உணங்கும் மணல், கொற்கை முத்து. பனி உறைகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை எப்படித்தான் புரியவைத்தாரோ!

இந்தப் பாடல்களில் தலைவன் பிரிந்தால் தலைவி வாடுகிறாள் என்று நாம் ஒரே வரியில் கடந்துவிடுவோம். துபியான்ஸ்கி அங்கேயே நின்றார். பெண்ணுக்குள் ஓர் அணங்கு ஆற்றல் இருப்பதாகப் பழந்தமிழர் நம்பினார்கள். பிரிவில் அது கொதிக்கும், கூடினால் தணியும். அந்த நம்பிக்கையும் சடங்குகளும்தான் திணைப் பாட்டுக்கு வேர் என்றார். எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் பாடல்களை வேறு கண்ணால் பார்க்க வைத்துவிட்டார். இந்த ஆய்வு 2000-இல் ஆங்கில நூலாகவும் வந்தது.

2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக்கு வந்திருந்தார். 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவர் பாடத்தில் வந்த அந்தக் கொற்கை நம் ஏரல் பக்கம்தான் இருக்கிறது. கடல் இப்போது சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. போனால் வயலையும் வாழையையும்தான் பார்க்கலாம்.