பேசுவதற்கு என்ன இருக்கிறது?



ஆங்கிலம் பேசப் பழகுவது எப்படி என்று இந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கான விடை பேருந்து நிலையச் சுவர்களில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது: முப்பதே நாளில் சரளம், வராவிட்டால் பணம் வாபஸ். அந்தச் சுவரொட்டியோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. படிப்பையும், செய்யும் வேலையையும், ஆசைப்படும் வேலையையும் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். அதற்குப் பாதிக் காரணம் ஆங்கிலம். மறுபாதிக் காரணம், அவற்றைப் பற்றி எந்த மொழியிலும் அவர்கள் பேசிப் பழகாதது. முதல் பாதிக்கே நாம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது பாதியைக் கவனித்தால் முதல் பாதியும் பெரிதும் சரியாகும் என்பதுதான் இன்று நான் வைக்கும் வாதம்.

வளாக நேர்காணலை எடுத்துக்கொள்ளுங்கள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று முதல் கேள்வி வரும். அதற்குரிய பதில் எல்லோருக்கும் மனப்பாடம். பெயர், ஊர், அப்பாவின் தொழில், பத்தாம் வகுப்பில் எத்தனை சதவீதம், 'மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்டு ஒர்க்'. பலவீனம் என்னவென்று கேட்டால், எல்லோரையும் சீக்கிரம் நம்பிவிடுவேன். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே பலவீனம்! இதை ஒப்பிப்பதில் யாரும் திக்குவதில்லை. அடுத்த கேள்வியில்தான் திக்கல் வருகிறது. கடைசி ஆண்டு புராஜெக்டில் உங்கள் பங்கு என்ன? ஏன் அந்தச் சென்சாரைத் தேர்ந்தெடுத்தீர்கள்? பதில் இல்லை. வெளியே வந்ததும் 'இங்கிலீஷ் வரலடா' என்று பையன் நண்பனிடம் சொல்கிறான். உண்மையில், நான்கு பேர் பெயர் போட்ட புராஜெக்டை ஒருவர் செய்திருப்பார். சில இடங்களில் அந்த ஒருவரும் செய்திருக்க மாட்டார், புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். அதே கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தாலும் அவன் வாய் திறந்திருக்காது. பழியை மட்டும் ஆங்கிலம் சுமக்கிறது. இன்னொரு வகைப் பிள்ளையும் உண்டு. பாலிடெக்னிக்கில் லேத் மிஷினில் நின்று கை பழகியவன். எந்த உலோகத்துக்கு எந்த வேகம், கருவியின் முனை ஏன் மழுங்கியது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் அதை வாயால் சொல் என்று அவனிடம் யாரும் கேட்டதே இல்லை. ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொன்னோம், வைவாவில் இரண்டு கேள்வி கேட்டு அனுப்பினோம். தன் தொழிலைத் தமிழில்கூடக் கோவையாகச் சொல்லிப் பார்க்காதவன், முன்பின் அறியாத ஓர் அதிகாரியின் முன்னால் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வான்?

'அதெல்லாம் சரி, ஆங்கிலம் பேசினால்தானே சம்பளம்' என்று பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. இந்தியாவில் ஆங்கிலப் பேச்சுக்கும் ஊதியத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து மெஹ்தாபுல் ஆஸம், எய்மி சின், நிஷித் பிரகாஷ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வயது, சமூகப் பிரிவு, படிப்பு, வாழும் பகுதி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், ஆங்கிலம் அறவே பேசாத ஆண்களைவிடச் சரளமாகப் பேசும் ஆண்களின் மணிநேர ஊதியம் சராசரியாக 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஓரளவு பேசுபவர்களுக்கு 13 சதவீதம் கூடுதல். பயிற்சி மையங்கள் இந்த ஆய்வைக் கண்டால் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்ளும். நாம் அதே கட்டுரையில் இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். வயதில் மூத்தவர்களுக்கு, எந்த அளவு படித்திருந்தாலும், ஆங்கிலம் கூடுதல் ஊதியம் தந்திருக்கிறது. இளைஞர்களில் கூடுதல் படிப்பு உள்ளவர்களுக்கே அது பலன் தந்திருக்கிறது. படிப்பும் ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் நிலை காலப்போக்கில் வலுத்திருக்கிறது என்கிறார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: வெறும் ஆங்கிலத்துக்கு விலை கிடைத்த காலம் இளையவர்களைப் பொறுத்தவரை கரைந்துவருகிறது. உள்ளே சரக்கு இருந்து, அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லவும் தெரிந்தால்தான் சந்தை காசு கொடுக்கிறது.

பேசும்போது மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். நெதர்லாந்தின் மொழி உளவியலாளர் வில்லம் லெவெல்ட் 1989இல் வெளியிட்ட நூலில் பேச்சை மூன்று வேலைகளாகப் பிரித்தார். என்ன சொல்வது என்று முடிவு செய்வது ஒன்று, அதற்குச் சொல்லும் வாக்கியமும் தேடுவது இரண்டு, வாயால் ஒலிப்பது மூன்று. தாய்மொழியில் பின்னிரண்டும் நம்மைக் கேட்காமலே நடந்துவிடும். அயல்மொழியில் இரண்டாவது வேலையே கவனம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் என்ன சொல்வது என்பதையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தால் மனம் ஸ்தம்பித்துவிடும். வகுப்பில் உலக வெப்பமயமாதலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு என்று முதல் வாரமே எழுப்பி நிறுத்தும்போது பிள்ளையின் தலையில் இரட்டைச் சுமையை ஏற்றுகிறோம். தான் நேற்று ஆய்வகத்தில் செய்ததைச் சொல்லச் சொன்னால் ஒரு சுமை இறங்கிவிடுகிறது. சொந்தப் படிப்பும் சொந்த வேலையும் பேச்சுப் பயிற்சிக்கு மிகச் சிறந்த பாடம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கேட்டால் மட்டும் போதாது, பேசியே பழக வேண்டும் என்பதற்குச் சான்று கனடாவிலிருந்து. அங்கே கியூபெக் மாநிலத்தில் 1965இல் தொடங்கிய ஒரு முறையில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சில் படித்தார்கள். மொழியைப் போதிய அளவு கேட்டுப் புரிந்துகொண்டால் பேச்சு தானே வந்துவிடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். இத்தகைய பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985இல் எழுதியது அந்த நம்பிக்கையைக் கலைத்தது. பல ஆண்டுப் படிப்புக்குப் பிறகு, கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய நிகர். பேச்சிலோ இலக்கணம் பின்தங்கியே நின்றது. வகுப்பில் அவர்களை நீளமாகப் பேசவைக்கும் கட்டாயம் போதாதது ஒரு காரணம் என்றார் அவர். நம் ஊரோடு பொருத்திப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலப் பாடம், அதன் மேல் நான்கு ஆண்டு ஆங்கிலத்தில் பொறியியல் விரிவுரை. கேட்டு எழுதி, பார்த்து எழுதி, மார்க் வாங்கி மாணவன் வெளியே வருகிறான். பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தபின், தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இன்னும் கூடுதலாக அந்த வகுப்பறைக்கு வருகிறார்கள். அவர்களிடம் அறிவுக் குறை இல்லை. வகுப்பில் அவர்கள் வாய் திறப்பதற்கான நிமிடங்கள்தான் இல்லை.

அந்த நிமிடங்களை உண்டாக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தின் மொழிக் கல்வியாளர் பால் நேஷன் பரப்பிய முறை. ஒரே செய்தியை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடத்தில். பிறகு மூன்றாமவரிடம் இரண்டே நிமிடத்தில். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் சொல்பவருக்கு அலுப்பில்லை. செய்தி பழையது என்பதால் தேடல் குறைகிறது, தயக்கம் குறைகிறது, வேகம் கூடுகிறது. இதற்கு அமெரிக்கா போய்வந்த ஆசிரியர் வேண்டாம், குளிரூட்டிய அறை வேண்டாம். நான்கு நண்பர்களும் ஒரு கடிகாரமும் போதும்.

கனவு வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் கூத்து அங்கேதான் அதிகம். என்ன ஆக வேண்டும் என்று கேட்டால் கலெக்டர் என்கிறார்கள், டேட்டா சயின்டிஸ்ட் என்கிறார்கள். சரி, அந்த மனிதர் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்வார் என்று கேளுங்கள். மக்களுக்குச் சேவை செய்வார். கம்ப்யூட்டரில் வேலை செய்வார். அதற்கு மேல் ஒரு வாக்கியம் வராது, தமிழிலும் வராது. மாவட்ட ஆட்சியர் திங்கட்கிழமை மனு வாங்குகிறார், தேர்தல் நேரத்தில் மாவட்டத் தேர்தல் அதிகாரி ஆகிறார், வெள்ளம் வந்தால் இரவெல்லாம் நிவாரண வேலையில் இருக்கிறார் என்று தெரிந்தவன் மூன்று நிமிடம் பேசுவான், இலக்கணம் கொஞ்சம் நொண்டினாலும் பேசுவான். ஆகவே கனவு வேலையைப் பற்றிப் பேசும் பயிற்சிக்கு முந்தைய பாடம் விசாரிப்பது. அந்த வேலையில் இருப்பவர் ஒருவரைத் தேடிப்போய்த் தமிழில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு வந்தவர்களில் சிலருக்குக் கனவே மாறிப்போகலாம். அது பயிற்சியின் உபரி லாபம்.

வேலைக்காக ஆங்கிலத்தை அளக்கும் தேர்வுகளும், சொந்தப் படிப்பையும் வேலையையும் பேசவைக்கும் இந்தத் திசையில்தான் நிற்கின்றன. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். அதன் முதல் பகுதியிலேயே நீங்கள் படிக்கிறீர்களா, வேலை பார்க்கிறீர்களா என்று கேட்பது வழக்கம். மனப்பாடப் பதிலை மோப்பம் பிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. வெளிநாடு செல்லும் செவிலியர்கள் எழுதும் ஓஇடி தேர்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே நோயாளியாக நடிப்பவரோடு ஏறக்குறைய ஐந்தைந்து நிமிடம் இரண்டு உரையாடல். இன்சுலின் போட்டுக்கொள்ளப் பயப்படும் பெரியவரிடம் எப்படிப் பேசுவாய் என்பது போன்ற சூழ்நிலைகள். வார்டில் நின்று பழகிய செவிலிக்கு அந்தப் பெரியவரைத் தெரியும். அவருக்கு ஆறுதலும் விளக்கமும் சொல்லும் முறை தெரியும். ஆங்கிலச் சொல் மட்டுமே மிச்சம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். தப்பும் தவறுமாகப் பேசவிட்டால் அந்தத் தப்பே நிலைத்துவிடாதா என்று இலக்கண ஆசிரியர்கள் கேட்பார்கள். வீண் பயம் என்று நான் தள்ளிவிடமாட்டேன். பிழைகள் உறைந்துபோகும் நிலையை மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972லேயே எழுதியிருக்கிறார். கனடாப் பிள்ளைகளிடமும் பழைய பிழைகள் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் வாயை அடைத்துவைத்தால் பிழை மறைந்திருக்குமே தவிரத் திருந்தாது. பேசும்போதுதான் 'இதை எப்படிச் சொல்வது, எனக்குத் தெரியவில்லையே' என்ற இடைவெளி பேசுபவனுக்கே உறைக்கிறது. அந்தக் கணத்தில் சொல்லிக்கொடுக்கும் இலக்கணம் மனத்தில் நிற்கும். ஆசிரியர் செய்ய வேண்டியது, பேச்சை நடுவில் வெட்டாமல் முடித்தபிறகு ஓரிரு பிழைகளை மட்டும் எடுத்துக் காட்டி, அடுத்த முறை அவற்றைத் திருத்திச் சொல்லவைப்பது. இருபது பிழையையும் ஒரே நாளில் சிவப்பு மையில் வட்டமிட்டால் அடுத்த வாரம் பையன் வரமாட்டான்.

இன்னொரு கேள்வி தமிழ் உணர்வுள்ளவர்களிடமிருந்து வரும். தமிழ் மேடையில் நின்று ஆங்கிலத்துக்கு வக்காலத்தா? 1968இல் இருமொழிக் கொள்கையை வகுத்த இந்த மாநிலத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வகுப்பறைக்குள் வந்தன. நான் சொல்லும் முறையில் தமிழுக்கு வேலை கூடுகிறது. முதலில் தமிழில் விசாரி, தமிழில் கோவையாகச் சொல், பிறகு ஆங்கிலத்துக்குப் போ என்கிறேன். வேலை கொடுப்பவர்கள் நாக்கு நுனியை வைத்து மூளையை அளப்பது அநியாயம்தான். உச்சரிப்பில் ஊர் வாசனை இருந்தால் நகைக்கும் நேர்காணல் அதிகாரியைத் திருத்த வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் திருந்தும்வரை நம் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

நகைப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பு, சரியாகப் பேசினால் 'பீட்டர் விடுறான்' என்று கேலி. இரண்டு பக்கமும் அடி வாங்கும் பிள்ளை பேசாமல் இருப்பதே மேல் என்று முடிவு செய்துவிடுகிறான். பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதல். பழக வழிகள் இல்லாமல் இல்லை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது. கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவோடு பேசியும் பழகலாம், அது கேலி செய்யாது. ஆனால் நேர்காணலில் எதிரே அமர்வது மனிதர். மனித முகத்துக்கு முன்னால் தடுமாறி, மீண்டு, மறுபடி பேசிப் பழக ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தை இந்த நூலகம் தர வேண்டும் என்று வாசகர் வட்டத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் போதும். முதல் மாதம், ஒவ்வொருவரும் தான் படித்த பாடம் ஒன்று. இரண்டாம் மாதம், செய்த வேலை ஒன்று, வீட்டு வேலையாகவும் இருக்கலாம், கடை வேலையாகவும் இருக்கலாம். மூன்றாம் மாதம், விசாரித்துவிட்டு வந்த கனவு வேலை. தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் மூன்றுமுறை. சிரிப்பவர்கள் அடுத்ததாகப் பேச வேண்டும் என்று ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.