பழையதும் புதியதும் ஒரே மேடையில்

(பங்கின் பவள விழா இசை மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்னும் சிறிது நேரத்தில் இம்மேடையில் பாடல்கள் ஒலிக்க இருக்கின்றன. நம் பெரியவர்கள் சிறு வயதில் இலத்தீனில் பாடிய 'தாந்தும் எர்கோ'வும் உண்டு. இவ்விழாவுக்கென்றே நம் இளைஞர்கள் இயற்றி இசையமைத்த தமிழ்ப் பாடல்களும் உண்டு. இந்த நிகழ்ச்சி நிரல் எளிதில் உருவாகவில்லை என்பதை நாம் எல்லாரும் அறிவோம். "பழைய பாட்டு இல்லாத விழா ஒரு விழாவா?" என்றனர் ஒரு சாரார். "பொருள் தெரியாத பாட்டை இன்னும் எத்தனை நாள் பாடுவது?" என்றனர் மறு சாரார். இடையில் சிலர் ஒத்திகைக்கே வராமல் இருந்துவிட்டனர். இதை மூடி மறைப்பதில் பயன் ஒன்றுமில்லை. ஆகவே பாடல்கள் தொடங்குமுன், 225 ஆண்டுகளுக்கு முன் வியன்னா நகரில் நடந்த ஒரு கச்சேரியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அங்கேயும் பழையதும் புதியதும் ஒரே மேடையில் ஏறின. அங்கேயும் ஒரு சச்சரவு நடந்தது. ஆனால் அது எதைப் பற்றியது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

அது 1800-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள். குருத்து ஞாயிற்றுக்கு முந்திய புதன்கிழமை. இடம், பேரரசரின் அரண்மனையை ஒட்டிய பூர்க் நாடக அரங்கு. கச்சேரியைத் தம் பொறுப்பில் நடத்தியவர் லுத்விக் வான் பீத்தோவன். அப்போது அவருக்கு வயது 29.

இவர் நமக்கு அந்நியர் அல்லர். பாடகர் குழு வீட்டுப் பிள்ளை. ஜெர்மனி நாட்டின் பான் நகரில், புனித ரெமிஜியுஸ் ஆலயத்தில், 1770 டிசம்பர் 17 அன்று திருமுழுக்குப் பெற்றவர். பாட்டனார் கொலோன் பேராயரின் அரசவையில் இசைத் தலைவர். தந்தை அதே அரசவைக் கோவிலில் பாடகர். இவரும் சிறு பையனாக இருந்தபோதே அக்கோவிலில் ஆர்கன் வாசித்தார். 1792-இல் வியன்னா வந்து ஹைடன் என்ற பெரியவரிடம் பாடம் கேட்டார். பின்னர் புனித ஸ்தேவான் பேராலயத்தின் இசைத் தலைவரான ஆல்பிரெக்ட்ஸ்பெர்கரிடம், பல குரல்களை ஒன்றோடொன்று இணைக்கும் கலையைப் பயின்றார்.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்துத் தம் முதல் பெருங்கச்சேரிக்கு அரங்கு கிடைத்தபோது, அந்த இளைஞர் என்ன செய்தார்? மாலை முழுவதையும் தம் பாட்டுகளால் நிரப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மோசார்ட்டின் ஒரு சிம்பொனியை முதலில் வைத்தார். ஹைடனின் 'படைப்பு' என்ற பெரிய இசைக் காவியத்திலிருந்து தனிப்பாடல் ஒன்றையும் இருவர் பாடும் பாடல் ஒன்றையும் நடுவே வைத்தார். அவற்றோடு தாம் இயற்றிய பியானோ கொன்செர்ட்டோ ஒன்றும், ஏழு கருவிகளுக்கான புதிய இசையும், முன்னேற்பாடின்றி அங்கேயே கற்பனையில் வாசித்த ஒரு பகுதியும் இடம்பெற்றன. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தம் முதல் சிம்பொனியை வைத்தார். ஆசிரியர்களின் நடுவே மாணவன் வந்து அமர்ந்த மாலை அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பழையது' என்று நாம் இன்று சொல்லும் அந்த இசைக்கு அன்று என்ன வயது? மோசார்ட் இறந்து இன்னும் ஒன்பது ஆண்டுகள் நிறையவில்லை. ஹைடனோ உயிரோடிருந்தார், இரண்டு நாளைக்கு முன்தான் அவருக்கு 68 வயது நிறைந்திருந்தது. 'படைப்பு' முதன்முதலாக அரங்கேறியது 1798-இல். பொதுமக்கள் அதைக் கேட்டது 1799-இல். ஆக, இன்று உலகமே செவ்விசை என்று வணங்கும் அந்தப் பாட்டு அன்று இரண்டு வயதுக் குழந்தை! பழையது என்று எதுவும் பழையதாகவே பிறப்பதில்லை. நம் 'தாந்தும் எர்கோ'வும் ஒரு நாள் முதன்முதலாகப் பாடப்பட்ட பாட்டுத்தான்.

இனி அந்தப் புதிய சிம்பொனியைச் சற்றுப் பார்ப்போம். கட்டுக்கோப்பு முழுவதும் ஆசிரியர்கள் தந்தது: நான்கு பகுதிகள், அவர்கள் வகுத்த அதே வரிசை. ஆனால் நுழைவாயிலிலேயே ஒரு வியப்பு. ஒரு பாட்டு தன் ஆதார சுரத்தைக் காட்டித் தொடங்குவதே வழக்கம். இந்தச் சிம்பொனியின் முதல் ஒலியோ தன் வீட்டைக் காட்டாமல் அடுத்த வீட்டைக் காட்டுகிறது. சில அடிகள் சுற்றி வந்த பிறகே தன் வீட்டுக்குள் நுழைகிறது. கடைசிப் பகுதியின் தொடக்கமும் அழகானது. வயலின்கள் முதலில் ப, த, நி என்ற மூன்று சுரங்களை மெதுவாகத் தொட்டு நிற்கின்றன. மறுபடி தொடங்கி நான்கு, பிறகு ஐந்து, பிறகு ஆறு. மாடிப்படி ஏறப் பழகும் குழந்தையைப் போல் ஒவ்வொரு முறையும் ஒரு படி கூட ஏறிப் பார்த்துவிட்டு, திடீரென்று ஓட்டம் பிடிக்கின்றன. ஆசிரியர்களின் வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். ஆனால் ஓடுவது தன் காலால்.

இப்போது அந்தச் சச்சரவுக்கு வருவோம். லைப்சிக் நகரிலிருந்து வெளிவந்த ஓர் இசை இதழ் இக்கச்சேரியைப் பற்றி எழுதியது. சிம்பொனியில் கலையும் புதுமையும் நிறைந்த கற்பனையும் உண்டு என்று பாராட்டியது. ஊது கருவிகள் அளவுக்கு மிஞ்சி, பேண்டு வாத்தியம் போல் ஆகிவிட்டது என்று குறையும் சொன்னது. இது நேர்மையான விமர்சனம்; புதியதைப் படைப்பவர் இதைத் தாங்கத்தான் வேண்டும். ஆனால் அவ்விதழ் கடுமையாகக் கண்டித்தது வேறொன்றை. வாசித்தவர்கள் இத்தாலிய ஓப்பெராவின் இசைக்குழுவினர். கச்சேரியை யார் தலைமை தாங்கி நடத்துவது என்பதில் அவர்களுக்குள் மனத்தாங்கல். பீத்தோவன் விரும்பிய தலைவரின் கீழ் வாசிக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடு மேடை ஏறியவர்கள், தனியாக வாசித்தவரைக் கவனித்துப் பின்தொடரவில்லை. சிம்பொனியின் பிற்பகுதியில், எவ்வளவு தாளம் தட்டியும் அவர்களிடமிருந்து சூடு பிறக்கவில்லை.

அன்பர்களே, அன்று புதிய பாட்டைக் கெடுத்தது அதன் புதுமை அன்று. பழைய பாட்டின் பகைமையும் அன்று. மோசார்ட்டும் பீத்தோவனும் அந்த மாலையில் சண்டையிடவில்லை. சண்டையிட்டவர்கள் வாசித்தவர்களே. பக்கத்தில் இருப்பவரைக் காது கொடுத்துக் கேளாதபோது எந்தப் பாட்டும், எந்தக் காலத்துப் பாட்டும், உயிரிழந்து போகிறது.

அந்தச் சிம்பொனி 1801-இல் அச்சேறியபோது, வான் ஸ்வீட்டன் பிரபு என்பவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இவர் யார் தெரியுமா? வியன்னாவில் பலரும் மறந்திருந்த பாக், ஹாண்டல் ஆகியோரின் பழைய இசைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஞாயிறுதோறும் தம் வீட்டில் வாசிக்கச் செய்தவர். மோசார்ட் அந்தப் பழைய மேதைகளை நெருங்கிக் கற்றது அங்கேதான். ஹைடனின் 'படைப்பு'க்கு ஜெர்மன் வரிகளை அமைத்துக் கொடுத்தவரும் இவரே. பழமையைக் காத்த அதே கைதான் புதுமையையும் தாங்கியது; புதியவர் தம் முதல் சிம்பொனியைக் கொண்டுபோய் வைத்ததும் அந்தக் கையில்தான். பின்னாளில் பீத்தோவனும் 'மிஸ்ஸா சொலெம்னிஸ்' என்னும் பெரிய பூசை இசையை எழுதப் புகுந்தபோது, துறவியரின் பழைய மடாலயப் பாடல்களை ஆராய வேண்டும் என்று தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 1823-இல் அதை எழுதி முடித்தபோது அவருடைய செவிகள் முற்றும் அடைபட்டிருந்தன. வெளி ஒலி கேளாத அந்த மனிதர், தமக்கு முன்னே பாடியவர்களுக்கு அவ்வளவு செவி கொடுத்தார். செவியுள்ள நாம்?

திருச்சபை நமக்குக் கற்பிப்பதும் இதையே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத் தொகுப்பு, புனித இசைக் கருவூலத்தை மிகுந்த கவனத்தோடு காக்கச் சொல்கிறது. கிரகோரியன் பாடலுக்குச் சிறப்பிடம் தருகிறது. அதே அதிகாரத்தில், இசை வல்லுநர்கள் அக்கருவூலத்தை மேலும் பெருக்க வேண்டும் என்றும், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. பழையதை விரும்புவோர் முதல் பாதியை மட்டும் வாசிக்கிறார்கள். புதியதை விரும்புவோர் இரண்டாம் பாதியை மட்டும் வாசிக்கிறார்கள். மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொல்லும் வீட்டுத் தலைவரிடமோ இரண்டு பெட்டிகள் இல்லை. ஒரே கருவூலம், அதிலிருந்தே புதியதும் வருகிறது, பழையதும் வருகிறது.

எனவே இந்த விழா நாளில் இரண்டு வேண்டுகோள்கள். பெரியவர்களே, உங்கள் மனத்தில் இருக்கும் இலத்தீன் பாடல்களில் ஒன்றையாவது அதன் பொருளோடு நம் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். பொருள் தெரிந்தால் அது அவர்களுக்கும் சொந்தப் பாட்டாகும். நீங்கள் மௌனமானால் அது உங்களோடு மண்ணுக்குள் போய்விடும். இளைஞர்களே, உங்கள் புதுப்பாட்டை முதலில் இந்தப் பெரியவர்களுக்குப் பாடிக் காட்டுங்கள். ஊது கருவி அதிகம், கீபோர்டு அதிகம் என்று அவர்கள் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், பீத்தோவனுக்கே சொன்னார்கள். அடுத்த ஞாயிறு முதல் ஒத்திகை ஒன்றாகவே நடக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாள், இளைஞர்களுக்கு ஒரு நாள் என்ற பிரிவு இனி இல்லை.

இன்று இங்கே பாடப்படும் புதுப்பாட்டு, இப்பங்கின் நூற்றாண்டு விழாவில் 'நம் பழைய பாட்டு' என்று பாடப்பட வேண்டும். அன்று யாரேனும் இளைஞர் தம் புதுப்பாட்டை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்கு இன்று நாம் ஒருவரை ஒருவர் கேட்டுப் பாட வேண்டும். எல்லாக் குரல்களையும் படைத்த இறைவன் நம் குரல்களை ஒன்றாக்கி, நம் பங்கையும் உங்கள் இல்லங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. பாடகர் குழுவினரே, தொடங்குங்கள்.