உலைக்கு முன் ஒரு பிடி

இயேசுவின் சீடர் என்றதும் பலருக்கும், அவர் அழைத்ததும் வலையை விட்டுவிட்டுப் புறப்பட்ட பேதுருதான் நினைவுக்கு வருவார். வீட்டை விட்டு எங்கும் போகாமலே அந்த அழைப்புக்குப் பதில் சொல்ல முடியுமா?

மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் சொல்லி வருகிறார்கள். எதைக் கொண்டு? ஒரு பிடி அரிசியைக் கொண்டு.

சோறாக்க அரிசி அளக்கிறார்கள். உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போடுகிறார்கள். ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் ஒரு பிடி. அவர்கள் மொழியில் இதற்கு 'புஃபாய் தாம்' என்று பெயர். 1910-ல் தொடங்கிய வழக்கம் இது. சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டுகிறார்கள். அதை விற்று வரும் பணம் திருச்சபையின் ஊழியத்துக்கும், தொலைதூரம் போகும் மிஷனரிகளுக்கும் உதவுகிறது.

அன்று அந்த மலைக் கிராமங்களில் கையில் காசு புழங்குவது அரிது. அரிசி இருந்தது. அரிசி அடுப்படியில் இருந்தது. அடுப்படி பெண்கள் கையில் இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள், நேயர்களே. மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை. உலைக்குப் போகவேண்டியதிலிருந்து, முதலில், எடுத்து வைக்கிறார்கள். வறுமையான வீட்டில் ஒரு பிடி அரிசி என்றால் ஒரு பிள்ளையின் சில கவளம் சோறு. அதை அறிந்தேதான் அந்தத் தாய் எடுத்து வைத்தாள்.

கேஸ் அடுப்பும் மாதச் சம்பளமும் வந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. ரொக்கக் காணிக்கை தனி. பிடி அரிசி தனி.