பத்து நிமிஷம் பார்த்த படம்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவன். ஆனாலும் இன்று ஒரே ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரம். அவ்வளவுதான் படம்!

வரைந்தவர் கீவ் நகரில் பிறந்த கஸிமீர் மாலெவிச். வருஷம் 1915. பக்கத்துக்கு 79.5 செ.மீ. இருக்கும். மாஸ்கோவில் த்ரெத்யாகோவ் காலரியில் இருக்கிறது.

என் பெண் ப்ளஸ் டூ முடித்த வருஷம், ஓவியக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டு, இந்தப் படத்தை ஒரு புத்தகத்தில் காட்டினாள். "இதை எல்.கே.ஜி. குழந்தைகூட வரையுமே, இதுக்கா நாலு வருஷம் படிக்கணும்?" என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பி.காம். சேர்ந்தாள், ஆடிட்டரானாள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

2018-ல் குடும்பத்தோடு மாஸ்கோ போனபோது, அந்தப் படத்தின் முன்னால் என்னை நிறுத்தி, "அப்பா, பத்து நிமிஷம் ஒண்ணும் பேசாம பாருங்கோ" என்றாள்.

முதல் இரண்டு நிமிஷம் கால்தான் வலித்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சதுரத்தின் ஓரங்கள் ஸ்கேல் வைத்துப் போட்டவை அல்ல, லேசாகச் சாய்ந்திருக்கின்றன. வெள்ளையும் சுத்த வெள்ளை இல்லை, அதில் தூரிகை போன தடம் தெரிகிறது. கறுப்பு முழுக்க, வற்றிய ஏரி மண் போல வெடிப்புகள். அந்த வெடிப்புகளுக்குள் அங்கங்கே வேறு நிறங்கள்!

காரணம் இருக்கிறது. மாலெவிச் புதுத் துணியில் வரையவில்லை, ஏற்கெனவே வரைந்த படத்தின் மேலேயே கறுப்பைப் பூசினார். 2015-ல் காலரி நிபுணர்கள் எக்ஸ்ரே முதலியவற்றால் ஆராய்ந்து, கறுப்புக்கு அடியில் ஒன்றல்ல, இரண்டு வண்ணப் படங்கள் இருப்பதாக அறிவித்தார்கள்.

இன்னொரு விஷயம். 1915 டிசம்பரில் பெத்ரோகிராத் கண்காட்சியில் இதை அவர் மற்ற படங்களோடு சுவரில் வரிசையாக மாட்டவில்லை. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், உயரே மாட்டினார். ரஷ்ய வீடுகளில் சுவாமி படம் வைக்கிற இடம் அது. பார்த்தவர்களில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். சிரித்தவர்களும் உண்டு, என்னைப் போல.

இன்றும் அந்தப் படம் எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பிடித்துவிட்டது என்றுகூடச் சொல்லமாட்டேன். ஆனால் குழந்தை வரையும் படம் அல்ல என்பது தெரிந்தது. அன்று புத்தகத்தில் அதை நான் பார்த்தது ஐந்து விநாடிகூட இராது.

வெளியே வந்ததும், "அன்னிக்கு உன்னை ஓவியக் கல்லூரியில சேர்த்திருக்கணும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "காபி சாப்பிடலாம், வாங்கோ" என்றாள்.

நம் வீட்டுக் குழந்தைகள் எதையாவது கொண்டுவந்து காட்டினால், உடனே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். பத்து நிமிஷம் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்புறம் சொல்லுங்கள். இது ஒன்றுதான் என் வேண்டுகோள்.