சைக்கிள் கடைப் பையன்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது இந்த மேடையின் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அதையே பேசியிருக்கிறேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு பரிசு மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்! இன்று அந்தப் பேச்சு வேண்டாம்.

அண்மையில் நம் தோட்டத்து அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "வாத்தியாரையா, பையனை பாரம் மூணோட நிறுத்திடலாம்னு இருக்கேன். நேஷனல் கம்பெனிய ஆரம்பிச்ச ஜப்பான்காரரு நாலு வருசந்தான் படிச்சாராமே, அவரு என்ன கெட்டா போயிட்டாரு?" என்று கேட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. பாதிக் கதையைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். மீதியை உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நேஷனல், இன்றைய பானசோனிக். அதைத் தொடங்கியவர் கோனோசுகே மட்சுஷிதா. 1894ல் ஜப்பானில் வக்காயாமா என்ற பகுதியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. நிலபுலன் உள்ள குடும்பம்தான். தகப்பனார் அரிசிச் சந்தையில் சூதாட்டம் போன்ற வியாபாரத்தில் இறங்கி எல்லாவற்றையும் தொலைத்தார். அதனால், 1904 நவம்பரில், பத்து வயதுகூட நிறையாத பிள்ளையைத் தாயார் ரயிலேற்றி ஒசாகா நகரத்துக்கு அனுப்பினார். கணப்புச் சட்டி விற்கும் கடையில் எடுபிடி வேலை. இரவில் தாயை நினைத்து அழுவானாம். முதன்முதலாக முதலாளி கையில் ஐந்து சென் காசு ஒன்றை வைத்தபோதுதான் அழுகை நின்றதாம். நம் பிள்ளைகள் ஐந்து காசு கீழே கிடந்தால் குனிவார்களா, சொல்லுங்கள்!

அடுத்து சைக்கிள் கடை. அங்கே ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் பத்து விழுக்காடு குறைத்துக் கேட்க, பையனும் சரி என்றுவிட்டான். முதலாளி ஐந்துக்கு மேல் முடியாது என்றார். பையன் தேம்பி அழுதான். "ஏண்டா, நீ எந்தக் கடைக்காரன்?" என்று முதலாளி கேட்டாராம். அழுகையைக் கேள்விப்பட்ட வாடிக்கையாளர் ஐந்து விழுக்காட்டுக்கே வாங்கிக்கொண்டார்.

தாயாருக்கு மட்டும் ஆறவில்லை. மகனை அரசாங்க அலுவலகத்தில் பையன் வேலையில் சேர்த்து, இரவில் படிக்க வைக்க ஆசைப்பட்டார். தகப்பனார் ஒப்பவில்லை. வியாபாரத்திலேயே முன்னுக்கு வரட்டும் என்றார். நம் வீடுகளில் நடக்கிற அதே வழக்குத்தான். இங்கே அப்பன் சொன்னது பலித்தது என்று அந்த அண்ணன் சொல்லுவார். பொறுங்கள்.

ஒசாகாவில் மின்சார டிராம் வண்டி ஓடுவதைப் பார்த்தவர், இனி மின்சாரத்தின் காலம் என்று கணக்குப் போட்டு 1910ல் மின்விளக்குக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்துக்கொண்டே இராப்பள்ளிக்குப் போனார். பாடத்தை ஆசிரியர் வாயால் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்ள வேண்டும். இவருக்குக் கை ஓடவில்லை. நாலு வருடப் படிப்புக்காரருக்கு அத்தனை வேகமாக எழுத வரவில்லை. புத்தி இருந்தும், ஆசை இருந்தும், எழுத்து வராத ஒரே காரணத்தால் பாதியில் விட்டார். இந்த இடத்தைத்தான் அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை.

1917ல் வேலையை விட்டார். தாமே திருத்திச் செய்த மின்விளக்குச் சாக்கெட்டை மேலதிகாரி தள்ளிவிட்டதில் மனத்தாங்கல். இருந்த சிறு வாடகை வீட்டிலேயே தொழில். மனைவி முமேனோவும் மைத்துனர் தோஷியோ இயூவேயும் துணை. சாக்கெட்டுக்கு மூலப்பொருள் கலக்கும் பக்குவமே தெரியாது! ஒருவழியாகச் செய்தும் ஏறக்குறைய நூறுதான் விற்றது. மனைவி தம் உடுப்பையும் மோதிரத்தையும் அடகுக் கடைக்குக் கொண்டுபோனார். தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பள்ளிக் கட்டணம் கட்டிய தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் கைகொடுத்தது ஒரு மின்விசிறிக் கம்பெனி. விசிறிக்கு மின்காப்புத் தட்டு ஆயிரம் வேண்டும் என்றது. இரவு பகல் உழைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் 1918 மார்ச்சில் முறையாகத் தொழிற்கூடம் எழுந்தது. அப்போது ஜப்பானிய வீடுகளில் பெரும்பாலும் விளக்கு மாட்டும் ஒரே இடந்தான் மின்சாரம் எடுக்கும் இடம். இருகவர் சாக்கெட் செய்து விற்றார். விளக்கும் எரியலாம், இன்னொன்றும் மாட்டலாம். லயத்து வீட்டில் ஒற்றை பல்பில் மூன்று ஒயர் தொங்கவிட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1923ல் சைக்கிள் விளக்கு. அதுவரை மின்கல விளக்கு மூன்று மணி நேரத்தில் அணைந்துவிடும். இவருடையது முப்பது மணிக்கு மேல் எரிந்தது. கடைக்காரர் எவரும் நம்பவில்லை. "காசு வேண்டாம். ஏற்றி வையுங்கள், எவ்வளவு நேரம் எரிகிறது என்று பாருங்கள்" என்று கடை கடையாக விளக்கை விட்டு வந்தார். விளக்கு எரிந்தது, வியாபாரமும் நடந்தது. 1927ல் நேஷனல் என்ற பெயர் வந்ததும் ஒரு விளக்குக்குத்தான்.

1929 கடைசியில் உலகமெங்கும் மந்தம். விற்பனை பாதியாகிவிட்டது, கிடங்கு நிரம்பி வழிந்தது. மட்சுஷிதா நோயாகப் படுக்கையில். ஆளைப் பாதியாகக் குறைக்கலாம் என்று பொறுப்பாளர்கள் வந்து நின்றார்கள். அவர் சொன்ன வழி வேறு. உற்பத்தியைப் பாதியாக்குங்கள், அரை நாள் வேலை கொடுங்கள், சம்பளம் முழுதாகப் போகட்டும், ஒருவரையும் நிறுத்தாதீர்கள், மீதி நேரத்தில் எல்லாரும் சரக்கை விற்கட்டும் என்றார். இரண்டு மாதத்தில் கிடங்கு காலி. தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது சாமான் சட்டியோடு வெளியேறிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்கள் ஒரு பெருமூச்சு விட்டால் குற்றமில்லை.

போருக்குப் பின் வெற்றி பெற்ற படையினர் அவரைப் பதவியிலிருந்து நீக்க முனைந்தபோது, அவருக்காகக் கையெழுத்து வேட்டை நடத்தியது தொழிலாளர் சங்கம்! தொழிற்சங்கம் முதலாளிக்காக மனுக்கொடுத்ததை நான் வேறெங்கும் அதிகம் கேட்டதில்லை.

அந்தக் கம்பெனி 1965ல் நம் நாட்டில் ஷா ஆலமுக்கு வந்தது. எப்போதும் அப்படியே இருந்ததா என்றால், இல்லை. 1989ல் மட்சுஷிதா 94 வயதில் காலமானார். 2001க்குப் பிறகு ஜப்பானில் ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே ஓய்வில் போனார்கள். 2008ல் கம்பெனியின் பெயரே பானசோனிக் ஆயிற்று. 2012 மார்ச்சில் முடிந்த கணக்காண்டில் நட்டம் 77,000 கோடி யென்னுக்கு மேல். நல்ல முதலாளி போனபின் கணக்குப் புத்தகம் பேசும்.

அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். கையில் காசு வந்ததும் 1934ல் மட்சுஷிதா ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தார். ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோன பிள்ளைகளைச் சேர்த்து, ஐந்தாண்டு இடைநிலைப் படிப்பை மூன்றே ஆண்டில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு. இதை அண்ணனிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்து, "அப்ப அவருக்கும் அந்தக் குறை இருந்திருக்கு" என்றார். பையன் இன்னும் பள்ளிக்கு வருகிறான்.

ஒன்று சொல்ல மறந்தேன். தட்டு ஆயிரம் கேட்ட அந்த விசிறிக் கம்பெனியின் பெயர் கவாக்கித்தா. பிற்காலத்தில் அதுவே மட்சுஷிதா குழுமத்தில் சேர்ந்துவிட்டது. அதன் ஜப்பானியப் பெயரின் முதலெழுத்துகள்தாம் கே.டி.கே. இந்த மண்டபத்துக் காற்றாடியை அண்ணாந்து பாருங்கள், பிள்ளைகளே. வீட்டுக்குப் போயும் பாருங்கள்.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பரிசைக் கொடுக்கட்டும்.