விஞ்ஞானப் பிரசங்கம் யாருக்கு?

(திருவண்ணாமலையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பௌதிகச் சங்கத்தார் பொதுமக்களுக்காகப் பிரசங்கம் நடத்துகிறார்கள், வாருங்கள் என்று கூப்பிட்டால், "அதெல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கு; நமக்கென்ன புரியப்போகிறது?" என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நானும் பத்தாவதோடு நின்றவன்தான். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது தானாக வந்த பயமா?

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்று ஒரு நிலையம் இருக்கிறது. 1799-இல் ஏற்பட்டது. விஞ்ஞானத்தை மக்களுக்குச் சொல்லுவதே அதன் நோக்கம் என்று பறைசாற்றினார்கள். அதன் பிரசங்க மண்டபத்தை அமைத்த தாமஸ் வெப்ஸ்டர் என்பவர், கைத்தொழிலாளிகள் தெருவிலிருந்து நேரே மேல்மாடத்துக்கு ஏறி வந்து கேட்கட்டும் என்று தனியாக ஒரு கல் படிக்கட்டு வைத்தார். கனவான்கள் மேல் இடிபடாமல் போகத் தனிப்படி! அதையும் மேலே இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. தொழிலாளிக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தால் அரசியலுக்கு ஆபத்து என்றார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடந்து அப்போது பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை. பயம் அவர்களுக்குத்தான் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தப் படிக்கட்டை இடித்தே விட்டார்கள்.

அதே லண்டனில் ஒரு கொல்லன் மகன், மைக்கேல் ஃபாரடே, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகினான். 1810-இல் டேட்டம் என்பவர் தம் வீட்டில் இரவு நேரத்தில் விஞ்ஞானப் பிரசங்கம் நடத்திவந்தார். கட்டணம் ஒரு ஷில்லிங். தம்பிக்கு அந்தக் காசைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். அவரும் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர்தான். 1812-இல் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் நான்கு பிரசங்கங்களைக் கேட்டான். கேட்டதை எழுதி, படம் போட்டு, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினான். 1813-இல் அங்கேயே சோதனைச்சாலை உதவியாளன் வேலை கிடைத்தது.

அவர்தான் 1831-இல், செப்புக்கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து இழுத்தால் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்று கண்டார். காந்தம் சும்மா இருந்தால் ஒன்றும் நடக்காது, அசைந்தால்தான் மின்சாரம். மேட்டூரில் தண்ணீர் விழுந்து சக்கரம் சுழல்வதும், நெய்வேலியில் நீராவி தள்ளிச் சக்கரம் சுழல்வதும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் காந்தத்தைச் சுற்றி அது சுழலும் என்பதை அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1821-இல், காட்டியவரும் அவரே. நூற்பாலைக் கதிர் சுழல்வதும் கிணற்று மேட்டு மோட்டார் தண்ணீர் இறைப்பதும் அதன் பலன். மோட்டாரோடு பத்து வருஷம் குடித்தனம் செய்கிற தோழருக்கு இது புரியாது என்று சொல்வது யார்?

நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நன்கொடை திரட்டி 1876-இல் விஞ்ஞானச் சங்கம் ஒன்றை நிறுவினார். அங்கும் பொதுப் பிரசங்கங்கள் நடந்தன. இங்கிலீஷில் நடந்ததால் கேட்டவர்கள் படித்த கூட்டத்தார்தான். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், 1907-இல் சர்க்கார் கணக்கு இலாகா அதிகாரியாகக் கல்கத்தா போனவர், அந்தச் சங்கத்தின் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் ஆஷுதோஷ் தே என்ற ஊழியர். காலேஜ் வாசலை மிதிக்காதவர். பல ஆண்டுகள் ராமனுக்குத் தோள் கொடுத்து உழைத்தார்; ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ராமனோடு அவர் பெயரும் அச்சாயிற்று. ராமனுக்கு 1930-இல் நோபல் பரிசு வந்ததை நாடறியும். ஆஷு பாபுவை எத்தனை பேர் அறிவார்கள்?

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தோன்றி, தமிழிலேயே கிராமங்களுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுபோயிற்று. 1984-இல் அமைந்த இந்திய பௌதிக ஆசிரியர் சங்கமும் இருக்கிறது. நல்ல காரியங்கள். ஆனால் பௌதிகம் படித்த பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை: வேலை நாளில் காலை பதினொரு மணிக்குப் பிரசங்கம் வைத்தால், நடவுக்குப் போன பெண் எப்படி வருவாள்? முதல் ஷிப்டுக்காரன் எப்படி வருவான்? சொல்லாமலே படிக்கட்டை இடிக்கிற வேலை அது. இரவு ஏழு மணிக்கு வையுங்கள். தமிழில் பேசுங்கள். காந்தத்தையும் கம்பியையும் கையில் கொண்டுவந்து காட்டுங்கள்.

பேச விஷயம் இந்த ஊரிலேயே கிடக்கிறது. 2,668 அடி மலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றுகிறார்கள். சமதரையில் நிற்பவன் ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போனால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது தெரியாது. வெளிச்சம் போதாமல் அல்ல. பூமியின் வளைவு இடையில் வந்து மறைக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் சாய்கிற நேரத்திலேயே எதிர்த்திசையில் சந்திரன் ஏன் கிளம்புகிறது? கிரிவலப் பாதையில் கடலை விற்கிற தோழர் மாதாமாதம் பார்க்கிற காட்சி. அவரைக் கேட்டே பிரசங்கத்தைத் தொடங்கலாம்.

ஜவ்வாது மலையில் காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1972-இல் வைத்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்துத் தொழிலாளர்கள் செய்தது. 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவானது. அதன் கண்ணாடியை வருஷக்கணக்கில் தேய்த்து மெருகேற்றியது பெங்களூர்ப் பட்டறையில்.

ஆகவே தோழர்களே, அடுத்த பிரசங்கத்துக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வியோடு போங்கள். மோட்டார் ஏன் சூடாகிறது, இடி விழும்போது வயலில் நிற்கலாமா, எதுவானாலும் சரி. எழுத வராதவர்கள் பக்கத்திலுள்ள பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன் வரிசை காலியாக இருந்தால் அங்கேயே உட்காருங்கள்.